நோய்ப் பரவல் கணிப்பு: எந்த எண்ணை வைத்துத் திருவிழாத் தேதி குறிப்பது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோவிலில் செயலாளராக இருக்கிறேன். கோவிட் சமயத்தில் ஒரு பேராசிரியர் “உச்சம் இனிமேல்தான்” என்றார், இன்னொருவர் “உச்சம் தாண்டியாயிற்று” என்றார். இரண்டும் ஒரே நாளில் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்து சேர்ந்தன. நிர்வாகக் கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் பேசி, கடைசியில் பொத்தாம்பொதுவாகத் திருவிழாவைத் தள்ளினோம். இனி இப்படி ஒரு பெருந்தொற்று வந்தால் யாருடைய கணிப்பை எடுத்துக்கொள்வது? எங்கள் வட்டாரத்து நிலவரத்தை நாங்களே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரே போதும். அதற்கு முன் பேராசிரியர்கள் ஏன் முரண்பட்டார்கள் என்பதைப் பார்த்துவிடுவோம். காரணம் தெரிந்தால் புலனத்தில் வரும் பாதி எண்களைப் படிக்காமலே ஒதுக்கிவிடலாம்.

பல சமயம் அவர்கள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. 2020 மார்ச் 16ஆம் தேதி லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நீல் ஃபெர்குசனின் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. பிரிட்டனில் 510,000 பேரும் அமெரிக்காவில் 22 லட்சம் பேரும் இறக்கக்கூடும் என்ற எண்கள் உலகைச் சுற்றின. அரசும் மக்களும் எதுவுமே செய்யாமல் இருந்தால் என்ற நிபந்தனை கூடவே இருந்தது. எண்கள் பயணம் போனபோது நிபந்தனை வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்படி ‘இன்னது செய்தால், செய்யாவிட்டால்’ என்று போடும் கணக்கு வேறு, ‘அடுத்த வாரம் இத்தனை பேர்’ என்று சொல்லும் முன்கணிப்பு வேறு. முதல் வகையில் வந்த எண்ணை வைத்துத் திருவிழாத் தேதி குறிக்க முடியாது. உங்கள் கைக்கு எந்த எண் வந்தாலும் முதலில் ‘எந்த நிபந்தனையின் பேரில்?’ என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்தச் செய்தியை வேறு குழுவுக்கு அனுப்ப வேண்டாம்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. அதே மார்ச் மாதத்தில் ஆக்ஸ்ஃபர்டில் சுனேத்ரா குப்தாவின் குழு, பிரிட்டனில் ஏற்கெனவே பெரும் பகுதி மக்களுக்குத் தொற்று வந்துபோயிருக்கவும் வாய்ப்புண்டு என்று காட்டியது. இம்பீரியல் குழு சொன்னதற்கு இது நேர் எதிர். விந்தை என்னவென்றால், அப்போது கையில் இருந்த மரண எண்ணிக்கை இரண்டு கதைக்குமே பொருந்தியது. கொஞ்சம் பேருக்குத் தொற்றி அதில் நிறைய பேர் இறந்தாலும், நிறைய பேருக்குத் தொற்றி அதில் கொஞ்சம் பேர் இறந்தாலும் தொடக்கத்தில் வரைபடம் ஒரே மாதிரிதான் ஏறும். மக்களிடம் இரத்தம் எடுத்து, தொற்று வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்பொருள் எத்தனை பேர் உடலில் இருக்கிறது என்று பார்க்கும் வரை இந்தச் சண்டையைக் கணிதத்தால் தீர்க்க முடியாது. புது நோய் வந்த முதல் இரண்டு மூன்று மாதங்களில் ‘இத்தனாம் தேதி உச்சம்’ என்று அடித்துச் சொல்பவரைச் சந்தேகிப்பதுதான் நியாயம்.

இன்னொரு வகைத் தவறு, ஏறிய வேகத்திலேயே இறங்கும் என்று வளைகோடு வரைவது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துச் சுகாதாரப் புள்ளிவிவர ஆய்வு நிலையமான ஐ.எச்.எம்.இ., ஆகஸ்ட் 4 வரை அமெரிக்காவில் ஏறத்தாழ 60,000 மரணம் என்றது. ஏப்ரல் முடிவதற்குள்ளேயே அந்த எண் தாண்டிவிட்டது. தொற்று ஏறுவது மளமளவென்று ஏறும், இறங்குவது இழுத்துக்கொண்டு இறங்கும். கோட்டை அப்படியே நீட்டினால் தப்பும் என்பதை நம் மலேசியாவிலும் பார்த்தோம். 2021 மே 29 அன்று ஒரே நாளில் 9,020 பேருக்குத் தொற்று. ஜூன் 1 முதல் முழு நடமாட்டக் கட்டுப்பாடு. ஜூன் நடுவில் 5,000 அளவுக்கு இறங்கியது. ‘இன்னும் ஏறும்’ என்று மே மாதம் சொன்னவரைப் பொய்யர் என்று சொல்லலாமா? அந்த எச்சரிக்கையால்தானே கதவு அடைபட்டது! ஜூன் இறக்கத்தைப் பார்த்து, அப்படியே கோட்டை நீட்டியவரும் தோற்றார். டெல்டா வகை பரவி, ஆகஸ்ட் 26 அன்று எண்ணிக்கை 24,599 ஆனது.

அமெரிக்காவில் பல குழுக்களின் கணிப்புகளை ஒரே இடத்தில் திரட்டி, நடந்ததோடு ஒப்பிட்டார்கள். தனித்தனிக் கணிப்புகளைவிட எல்லாவற்றையும் சேர்த்த கூட்டுக் கணிப்பே நிலையாக நன்றாக வந்தது. எவ்வளவு தூரம் முன்னால் பார்க்கிறோமோ அவ்வளவுக்குப் பிழை பெருத்தது. இதன்படி இரண்டு வாரத்துக்கு நம்பலாம், நான்கு வாரத்துக்கு அரை மனதோடு கேட்கலாம், மூன்று மாதத்துக்கென்றால் அது ஜோசியம்.

இனி உங்கள் கணக்கு. சுங்கை சிப்புட், கோலகங்சார் மாவட்டத்தில் அடங்கும். ஆகவே பொதுவெளியில் கிடைப்பது பெரும்பாலும் மாவட்ட எண்தான். உங்கள் தோட்டத்து எண் அல்ல. பரவாயில்லை, போக்கைத் தெரிந்துகொள்ள அது போதும். ஞாயிறு தொடங்கி சனி வரை ஏழு நாள் எண்களைக் கூட்டுங்கள். சுகாதார அமைச்சின் நோய்ப்பரவல் வாரமும் இதுதான். தினசரி எண்ணைப் பார்க்காதீர்கள். வார இறுதியில் சோதனை குறையும், அடுத்த ஓரிரு நாளில் எண் தாழும், உடனே ‘குறைகிறது’ என்று ஒருவர் பதிவு போடுவார். நோன்புப் பெருநாள், தீபாவளி வாரங்களில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாக இருக்கும். அந்த வாரத்தைத் தனியாக எடுக்காமல் அடுத்த வாரத்தோடு சேர்த்துச் சராசரி பாருங்கள்.

போன வாரம் 84, இந்த வாரம் 126 என்று வைத்துக்கொள்வோம். 126ஐ 84ஆல் வகுத்தால் 1.5. இதுதான் உங்கள் வார விகிதம். விகிதம் 2 என்றால் எண்ணிக்கை 7 நாளில் இரட்டிக்கும், 1.5 என்றால் 12 நாளில், 1.2 என்றால் 27 நாளில். விகிதம் 0.7 என்றால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பாதியாகும். போக்கு மாறாமல் போனால் அடுத்த வாரம் 189, அதற்கடுத்த வாரம் 284 வரை எதிர்பார்க்கலாம். அங்கேயே நிறுத்துங்கள். மூன்றாவது வாரத்துக்குப் பெருக்க வேண்டாம்.

‘ஆர்’ எண்ணைப் பற்றியும் நிறைய வாக்குவாதம் நடந்தது. ஒருவரிடமிருந்து சராசரி எத்தனை பேருக்குத் தொற்றுகிறது என்பதே ஆர்; 1க்கு மேல் ஏற்றம், கீழ் இறக்கம். ஒருவருக்குத் தொற்றி, அவர் அடுத்தவருக்குத் தொற்ற எத்தனை நாள் ஆகிறது என்று நீங்கள் கொள்கிறீர்களோ அதைப் பொறுத்து இந்த எண் மாறும். வார விகிதம் 1.5 ஆக இருக்கும்போது இடைவெளி 5 நாள் என்றால் ஆர் 1.34, 3 நாள் என்றால் 1.19. (கால்குலேட்டரில் 1.5ஐ 5/7 அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள்.) ஒரே தரவு, இரண்டு விடை, இரண்டு பேரும் சரி. ஆகவே ஆர் எண்ணின் இரண்டாம் தசமத்துக்காகச் சண்டை போடுபவர்களை விட்டுவிட்டு வார விகிதத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சிறிய ஊருக்கே உரிய கண்ணி ஒன்று உண்டு. போன வாரம் 9, இந்த வாரம் 14 என்றால் 56 விழுக்காடு ஏற்றம் என்று பதறுவார்கள். இரண்டு எண்ணையும் கூட்டுங்கள்: 23. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 4.8, அதை இரட்டித்தால் 9.6. வித்தியாசம் வெறும் 5. இரட்டித்த எண்ணைத் தாண்டாத வரை அது ஏற்றமாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். இன்னொரு வாரம் பொறுங்கள். 84, 126 கணக்கில் வித்தியாசம் 42, இரட்டித்த வர்க்கமூலம் 29. அது தற்செயல் அல்ல, எண் நிஜமாகவே ஏறியிருக்கிறது.

தோட்டப் பகுதியில் இதையும் குழப்பும் ஒன்று தொழிலாளர் தங்குவிடுதி. கோவிட் எல்லோரிடமிருந்தும் சமமாகப் பரவவில்லை. பெரும்பாலோர் யாருக்கும் தொற்றவில்லை, சிலரிடமிருந்து ஒரே இடத்தில் பலருக்குத் தொற்றியது. நோய்ப் பரவலைக் கணக்கிடும் எளிய கணித மாதிரிகளோ எல்லோரும் எல்லோரோடும் சமமாகப் பழகுவதாகவே கொள்கின்றன. 1927இல் கெர்மாக், மெக்கெண்டிரிக் இருவரும் போட்ட அடிப்படைச் சமன்பாட்டிலிருந்து வரும் அனுமானம் இது. லயத்தில் இருக்கும் பாட்டியும் செம்பனை வெட்டும் ஆள் தங்கும் விடுதியும் அப்படிப் பழகுவதில்லை. ஒரு விடுதியில் ஒரே நாளில் சோதித்து 40 பேர் என்று வந்தால், அந்த 40ஐத் தனியாக எழுதி வைத்துவிட்டு மிச்ச எண்ணில் விகிதம் பாருங்கள். மிச்சமும் ஏறினால்தான் ஊருக்குள் பரவுகிறது என்று பொருள்.

சோதனை எண்ணிக்கை கிடைத்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். 700 சோதனையில் 84 என்றால் 12 விழுக்காடு. 1,400 சோதனையில் 126 என்றால் 9. தொற்று ஏறியதுபோல் தெரிகிறது, உண்மையில் வலையை அகல விரித்ததால் மீன் கூடியிருக்கிறது. எண்ணும் விழுக்காடும் சேர்ந்து ஏறினால் சந்தேகமே வேண்டாம். கோவிட் தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனம் இந்த விழுக்காடு இரண்டு வாரமாவது 5க்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. மரண எண்ணைப் போக்குப் பார்க்கப் பயன்படுத்தவே வேண்டாம். அது தொற்றுக்கு மூன்று வாரத்துக்கு மேல் பிந்தி வரும். 2021 செப்டம்பர் 11 அன்று நம் நாட்டில் 592 மரணம் என்று அறிவித்தார்கள். அவற்றில் பல முந்தைய நாட்களின் நிலுவை.

இன்னொரு விவாதமும் உங்களுக்கு உதவும். கணிப்புகள் தோற்றுவிட்டன, அவற்றை நம்பி நாட்டை அடைக்கக் கூடாது என்று நோய்ப்பரவல் ஆய்வாளர் ஜான் அயோனிடிஸ் போன்றோர் எழுதினார்கள். பெருந்தொற்றில் சராசரிக் கணிப்பே பயனற்றது, மிக மோசமான நிலைக்குத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இடர்ப்பாடுகளை ஆராயும் எழுத்தாளர் நசீம் நிக்கோலஸ் தாலிப் மறுத்தார். நாட்டளவில் யார் சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். கோவில் நிர்வாகத்துக்குத் தாலிப் பக்கமே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. வீணாகத் தள்ளிவைத்தால் போவது பந்தல் முன்பணம். தவறாக நடத்தினால் போவது முதியவர்களின் உயிர்.

தேதிக்கு வருவோம். காப்புக் கட்டிவிட்டால் பிறகு நிறுத்துவது எந்த நிர்வாகத்தாலும் ஆகாத காரியம். அதனால் முடிவு நாளைத் திருவிழாவிலிருந்து எண்ணாமல், காப்புக் கட்டும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நான்கு வாரத்துக்கு முன் பந்தல்காரர், சமையல்காரர், நாதஸ்வரக் குழு ஆகியோரிடம் ‘ஏழு நாளுக்கு முன் சொன்னால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்’ என்று எழுதி வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு முன் முதல் கணக்கு, ஒரு வாரத்துக்கு முன் இறுதிக் கணக்கு. இன்று வெளியாகும் எண்ணிக்கை, ஏழு முதல் பத்து நாளுக்கு முன் தொற்றியவர்களைக் காட்டுவது என்பதால், விகிதம் தொடர்ந்து இரண்டு வாரம் 1க்குக் கீழே இருந்தால் மட்டும் வழக்கம்போல் நடத்துங்கள். 1க்கும் 1.2க்கும் இடையில் என்றால் பூசையும் இரதமும் இருக்கட்டும். அன்னதானத்தை மண்டபத்தில் பந்தி போடாமல் பொட்டலமாகக் கொடுங்கள். 1.2க்கு மேல் என்றால் தள்ளிவையுங்கள். இந்த எல்லைகள் எங்கள் பரிந்துரை. மாவட்டச் சுகாதார அலுவலகம் இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அதுவே கணக்கு.

கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் உங்கள் மாவட்ட எண்ணுக்குள் இல்லை. கோலகங்சாரில் 0.8, கிள்ளான் பள்ளத்தாக்கில் 1.6 என்றால், இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.