பூட்டிய பள்ளியும் நம்பாத பெரியவர்களும் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். பதின்பருவத்தினருக்காக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மலைமேல் ஒரு பழைய உறைவிடப் பள்ளி. பூட்டிக் கிடக்கும் மணிக்கூண்டில் நள்ளிரவில் மணி அடிக்கிறது. புதிதாகச் சேர்ந்த 15 வயதுப் பெண் ஒருத்திக்கு மட்டும் அது கேட்கிறது. பல வருடங்களுக்கு முன் அங்கே படித்த ஒரு மாணவி காணாமல் போயிருக்கிறாள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது. உறைவிடப் பள்ளியில் ஒரு பெண் துப்பறியும் 'வெட்னஸ்டே' என்ற ஓடிடி தொடரை என் அக்கா மகளோடு உட்கார்ந்து பார்த்தபோது வந்த ஆசை இது.

பாதிக்கு மேல் எழுதிவிட்டேன். ஓர் அத்தியாயம் பயம், அடுத்தது சிரிப்பு என்று மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன். சிரிப்புக்காகவே ஒரு வார்டனைப் படைத்தேன். எங்கே போனாலும் தடுக்கி விழுவார். படித்துப் பார்த்த நண்பர்கள், "பேய்க்கதையா, காமெடியா, ஏதாவது ஒன்றை எடு" என்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். இந்த வகைக்கு இலக்கியத்தில் வேர் உண்டா, இல்லை ஓடிடியோடு வந்த மோஸ்தர்தானா? பேய் உண்மையா பொய்யா என்று கடைசியில் சொல்லியே ஆகவேண்டுமா? 13 வயதுப் பிள்ளைகள் படிக்கும் கதையில் சாவு வரலாமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

ஏதாவது ஒன்றை எடுக்கச் சொல்லும் பேச்சைக் கேட்காதீர்கள். ஆனால் உங்கள் நண்பர்கள் இடறிய இடம் உண்மையான இடம்தான். பயத்துக்கு ஓர் அத்தியாயம், சிரிப்புக்கு ஓர் அத்தியாயம் என்று நீங்கள் பாகப்பிரிவினை செய்துவிட்டீர்கள். இந்த வகைக் கதையில் இரண்டும் ஒரே ஆளின் வாயிலிருந்து, முடிந்தால் ஒரே வாக்கியத்தில் வரவேண்டும்.

எப்படி என்று கேட்டால், 1847-ல் வெளியான 'ஜேன் ஐர்' நாவலின் நாலாவது அத்தியாயத்தைக் காட்டுவேன். 10 வயது ஜேனை உறைவிடப் பள்ளிக்கு அனுப்ப அத்தை முடிவு செய்துவிட்டாள். பள்ளியை நடத்தும் பிராக்கிள்ஹர்ஸ்ட் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். கெட்ட பிள்ளைகள் செத்தால் எங்கே போவார்கள் என்று கேட்கிறார். நரகத்துக்கு என்கிறாள். நரகம் என்றால் என்ன? நெருப்பு நிறைந்த குழி. அதில் விழாமல் இருக்க நீ என்ன செய்யவேண்டும்? ஜேன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்கிறாள்: உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளவேண்டும், சாகக் கூடாது.

படிக்கும் நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஜேனுக்கு வரவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பிராக்கிள்ஹர்ஸ்ட் அதற்கு என்ன சொல்கிறார் பாருங்கள். உன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் தினமும் சாகிறார்கள், ஒன்றிரண்டு நாள் முன்புகூட 5 வயதுக் குழந்தையை அடக்கம் செய்தேன் என்கிறார். இந்த மனிதரின் பள்ளிக்குத்தான் இவள் போகப்போகிறாள் என்பது அப்போது உறைக்கிறது. சிரிப்பு வந்த வழியாகவே பயமும் வந்துவிட்டது. நடுவில் ஓர் அத்தியாய இடைவெளி தேவைப்படவில்லை.

அந்தப் பள்ளி வெறும் கற்பனையும் அல்ல. நாவலை எழுதிய சார்லட் பிரான்டியும் அவருடைய மூன்று சகோதரிகளும் 1824-ல் கோவன் பிரிட்ஜ் என்ற இடத்தில் பாதிரியார்களின் மகள்களுக்கென்று நடந்த ஓர் உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள். மூத்தவர்களான மரியாவும் எலிசபெத்தும் அங்கே காசநோயில் விழுந்து, வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, 1825 மே, ஜூன் மாதங்களில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். மரியாவுக்கு வயது 11, எலிசபெத்துக்கு 10. மாணவிகளின் கடிதங்களையும் பொட்டலங்களையும் மேற்பார்வையாளர் பிரித்துப் பார்ப்பார் என்பது அந்தப் பள்ளியில் எழுதியே வைத்திருந்த விதி. பெண்கள் பள்ளிகளில் அப்போது அது சாதாரண நடைமுறையும்கூட.

இந்த விதி உங்கள் கேள்விக்கு ரொம்ப முக்கியம். பழைய கோதிக் கதையில், அதாவது இருண்ட கோட்டையும் ரகசியமும் திகிலுமாகப் போகும் கதையில், பெண்ணைக் கோட்டையில் அடைத்துவைப்பவன் வில்லன். அவனிடமிருந்து தப்பி வீட்டுக்கு ஓடினால் கதை முடிந்தது. உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிட்டுப் போனதே வீட்டார்தான். கட்டணம் கட்டி, கையெழுத்துப் போட்டு, நல்லது செய்ததாக நிம்மதியோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். எழுதும் கடிதமோ வார்டன் கையைத் தாண்டித்தான் போகவேண்டும். தப்பித்து எங்கே போவது?

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ இதை உள்ளேயிருந்தே அறிந்தவர். சிறு வயதில் சில வருடங்கள் இங்கிலாந்தில் படித்தார். லண்டனை ஒட்டிய ஸ்டோக் நியூவிங்டனில் ரெவரண்ட் பிரான்ஸ்பி என்பவர் நடத்திய பள்ளியில் தங்கியிருந்தார். 1839-ல் எழுதிய 'வில்லியம் வில்சன்' கதையில் தலைமையாசிரியருக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார். கதையில் வரும் கட்டடம் இரண்டே தளம் கொண்டது. ஆனால் எந்த நேரத்திலும் தான் கீழே இருக்கிறோமா மேலே இருக்கிறோமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 5 வருடம் அங்கே படித்தும், தான் தூங்கும் அறை கட்டடத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்பதைக் கதைசொல்லியால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. தலைமையாசிரியரே ஊர்த் தேவாலயத்தின் போதகரும்கூட. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் சாந்தமே உருவாக நிற்பவர், பள்ளிக்குள் வந்ததும் பிரம்பும் கையுமாக நிற்கிறார். இரண்டும் ஒரே ஆள்தானா என்று அந்தப் பையன் மலைத்துப்போகிறான். இந்தச் சில பத்திகளில் கோதிக், நகைச்சுவை, மர்மம் மூன்றும் இருக்கின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். முதல் துப்பறியும் கதை என்று பொதுவாகச் சொல்லப்படும் கதையை 1841-ல் எழுதியவரும் இவர்தான். 'வெட்னஸ்டே' தொடரின் பள்ளிக்கு 'நெவர்மோர்' என்று பெயர் வைத்தது இவருடைய 1845-ஆம் வருடக் கவிதையிலிருந்து. ஓடிடி மோஸ்தரா என்று கேட்டீர்கள். தொடரை எடுத்தவர்களே வேர் எங்கே என்று பெயர்ப்பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் நாவலுக்கு நேரடி மூதாதை போ அல்ல, ஜேன் ஆஸ்டின். அவருடைய 'நார்த்தாங்கர் ஆபி' நாவல் அவர் இறந்த பிறகு 1817 டிசம்பரில்தான் வெளியானது; எழுதியது அதற்குப் பல வருடங்கள் முன்பு. அதில் வரும் கேதரினுக்கு வயது 17. திகில் நாவல்களாகப் படித்துத் தள்ளியவள். ஜெனரல் டில்னி என்பவரின் பழைய மாளிகைக்கு விருந்தாளியாகப் போகிறாள். புயலடிக்கும் இரவு. அறையில் ஒரு கறுப்பு அலமாரி. பூட்டோடு மல்லுக்கட்டித் திறந்து, ஒவ்வொரு இழுப்பறையாகத் துழாவி, கடைசியில் உள்ளறையில் ஒரு காகிதச் சுருளைக் கண்டெடுக்கிறாள். அந்த நேரம் பார்த்து மெழுகுவர்த்தி அணைந்துவிடுகிறது, அதுவும் அவள் கையாலேயே. இரவு முழுக்க நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறாள். விடிந்ததும் பிரித்துப் பார்த்தால் சலவைக் கணக்கு. சட்டை இத்தனை, காலுறை இத்தனை.

இத்தோடு நின்றிருந்தால் அது வெறும் கேலிக்கதையாகப் போயிருக்கும். ஜெனரல் தன் மனைவியைக் கொன்றிருக்கவேண்டும், அல்லது எங்கோ அடைத்துவைத்திருக்கவேண்டும் என்று கேதரின் சந்தேகப்படுகிறாள். அதுவும் தவறு, அந்த அம்மாள் நோயில் இறந்தவள். ஜெனரலின் மகனிடமே பிடிபட்டு, கூனிக் குறுகி அழுகிறாள். பிறகு ஒரு நாள், கேதரின் தான் நினைத்ததுபோல் பணக்கார வீட்டுப் பெண் அல்ல என்று ஜெனரலுக்குத் தெரியவருகிறது. மறுநாள் காலை 7 மணிக்கு வண்டி வரச்சொல்லி அவளை வெளியேற்றுகிறார். 70 மைல் பயணம், துணைக்கு வேலைக்காரிகூட இல்லை. கையில் வழிச்செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்பதற்கு ஜெனரலின் மகள் ஒருத்திதான் இருந்தாள். அந்த மனிதரைக் கொலைகாரன் என்று சந்தேகித்ததில் தான் அவருடைய குணத்தை அப்படியொன்றும் மிகைப்படுத்திவிடவில்லை என்று கேதரின் பின்னால் உணர்கிறாள்.

உங்கள் நாவலுக்கு வேண்டியதெல்லாம் இந்த இடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். பெண் துப்பில் தோற்கிறாள், ஆளைப் புரிந்துகொண்டதில் ஜெயிக்கிறாள். அவள் சொல்வதை யாரும் நம்பவில்லை என்பதால் நமக்குச் சிரிப்பு வருகிறது, அதே காரணத்தால் பயமும் வருகிறது.

'வெட்னஸ்டே' முதல் பருவத்திலும் இதுதான் நடக்கிறது. (முழுதாகப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) ரோவன் என்ற மாணவனைக் காட்டில் ஓர் அரக்கன் கொல்வதை நாயகி வெட்னஸ்டே கண்ணால் பார்க்கிறாள். மறுநாள் ரோவன் பள்ளிக்குள் நடந்து வருகிறான். ஊர்க் காவல் அதிகாரியான ஷெரிஃப் நம்பவில்லை. எல்லோர் கண்ணுக்கும் அவள் கதை கட்டுகிறவளாகத் தெரிகிறாள். பள்ளியின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று முதல்வர் வீம்ஸே ரோவன் உருவில் நடமாடினார் என்பது பின்னால் தெரிகிறது. அரக்கனைவிட எனக்குத் திகிலாக இருந்தது அதுதான். அவளும் தவறு செய்கிறாள். ஒன்றும் அறியாத சேவியரைக் குற்றவாளி என்று முடிவுகட்டி உள்ளே தள்ளவைக்கிறாள். உங்கள் பெண்ணும் ஒரு முறையாவது தவறான ஆளைக் கைகாட்டவேண்டும், அதற்கு விலையும் கொடுக்கவேண்டும். அந்தத் தொடரில் அரக்கனைத் துரத்தும் பகுதிகளைவிட, வெட்னஸ்டேவும் ஈனிடும் பங்குபோட்டுக்கொண்ட அறையில் நடப்பவைதான் என் மனதில் நிற்கின்றன. ஒரே பெரிய வட்ட ஜன்னல். ஒரு பாதியில் வானவில் நிறங்கள், மறு பாதியில் அத்தனையும் உரித்தெடுத்த வெறுங்கண்ணாடி. இரண்டு பெண்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக விவரிக்கவேண்டிய வேலையை அந்த ஜன்னல் செய்துவிடுகிறது. உங்கள் கதைச் சுருக்கத்தில் அறைத்தோழியே இல்லை. உறைவிடப் பள்ளிக் கதையில் அது பெரிய குறை. நள்ளிரவு மணி கேட்டு உங்கள் பெண் எழுந்து உட்காரும்போது, பக்கத்துக் கட்டிலில் போர்வையை இழுத்துக்கொண்டு "காலையில் கணக்குப் பரீட்சை, பேசாமல் படு" என்று சொல்ல ஒருத்தி வேண்டும்.

இனி உங்கள் வார்டன். தயவுசெய்து அவரைத் தடுக்கி விழவைக்காதீர்கள். விழுகிற ஆளைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். அவர் நிமிர்ந்தே நடக்கட்டும். விதிகளை மனப்பாடமாக வைத்திருக்கட்டும். உங்கள் பெண் ஓடிவந்து மணிக்கூண்டுப் படிக்கட்டில் ஈரமான காலடித் தடங்களைப் பார்த்ததாகச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பதிவேட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, "ஒன்பது மணிக்கு மேல் அறையை விட்டு வெளியே வர அனுமதிச் சீட்டு வாங்கினாயா?" என்று கேட்கட்டும். காணாமல் போன மாணவியைப் பற்றிக் கேட்டால், அந்த வருடப் பதிவேட்டில் அப்படி ஒரு பெயர் இல்லை, பெயர் இல்லாதவர் எப்படிக் காணாமல் போக முடியும் என்று பொறுமையாக விளக்கட்டும். இந்த ஒரு காட்சியில் உங்கள் இரண்டு அத்தியாயங்கள் அடங்கிவிடும்.

பேய் உண்மையா பொய்யா என்பது உங்கள் உரிமை. ஆன் ராட்கிளிஃப் 1794-ல் எழுதிய 'மிஸ்டரிஸ் ஆஃப் உடால்ஃபோ'வில் எல்லா அமானுஷ்யங்களுக்கும் கடைசியில் இயற்கையான காரணம் சொல்லிவிடுகிறார். கேதரின் விழுந்து விழுந்து படிப்பதும் அந்த நாவலைத்தான். பேயை நிஜமாகவே விட்டுவைக்கும் கதைகளும் ஏராளம். ஆனால் இது மர்மக்கதையும் என்பதால், பேய்க்கு எது முடியும், எது முடியாது என்பதை முன்பகுதியிலேயே வாசகர் கண்ணில் பட வைத்துவிடுங்கள். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று அதற்குப் புதுச் சக்தி வந்தால் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். இந்த விஷயத்தில் அவர்கள் பெரியவர்களைவிடக் கறார். பேய் பொய் என்று முடிப்பதானால், அந்த இடத்துக்கு வரும் உண்மை பேயைவிட மோசமாக இருக்கவேண்டும். காவலாளிதான் மணி அடித்தான் என்பது போதாது. அந்த மாணவியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்தது யார், எடுக்கச் சொன்னது யார் என்பது வரை போகவேண்டும்.

சாவு வரலாம். ஜேனின் தோழி ஹெலன் பர்ன்ஸ், ஜேன் அவளைக் கட்டிக்கொண்டு தூங்கும் இரவிலேயே இறக்கிறாள். அக்கா மரியாவை நினைத்துத்தான் சார்லட் அவளைப் படைத்தார். 13 வயதில் அதைப் படித்த பிள்ளைகள் எத்தனையோ தலைமுறைகளாக இருக்கிறார்கள். ரத்தத்தை விவரிக்கவேண்டாம். ஆனால் செத்தவள் ஒரு துப்பாக மட்டும் போய்விடக் கூடாது. அவளுக்குப் பிடித்த பாடம், அவள் போட்ட சண்டை, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் கிறுக்கிவைத்தது என்று ஏதாவது நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். உங்கள் சுருக்கத்தில் அவளுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை, கவனித்தீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள்.

முழு நாவலையும் இப்போதே கலைக்கவேண்டாம். வார்டன் முதன்முதலில் வரும் அத்தியாயத்தை மட்டும் திருத்தி எழுதி அனுப்புங்கள், ஆர்வத்தோடு படிக்கிறேன்.

அன்புடன்.