எடைக்குப் போடுவதா, எடுத்து வைப்பதா?

(கோபிப் பக்கம் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, வாசகர்களின் வீட்டுக் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: பெரியவள் ஏழாவது, சின்னவன் ரெண்டாவது. நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிக்குப் போகிறோம். வாடகை வீடு, ஆசாரமும் ஒரு ரூமும்தான். டிவி ஸ்டாண்டில், பிரிட்ஜ் மேல், கட்டிலுக்கு அடியில் எங்கே பார்த்தாலும் பரீட்சைப் பேப்பரும் ஒர்க் ஷீட்டும். ஒரு தாளைத் தூக்கிப் போட என் மாமியார் விடுவதில்லை. “சரஸ்வதியைக் குப்பையில போடாதே” என்கிறார். தேடும்போது வேண்டிய தாள் மட்டும் கிடைப்பதில்லை. என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அம்மிணி, நான் பள்ளிக்கூட ஆபீஸ் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள். வெளியே வந்து நின்றவர்கள் டி.சி. நகல் கேட்டார்கள், பிறந்த தேதி கேட்டார்கள், ஃபீஸ் கட்டின ரசீது தொலைந்துவிட்டது என்று கையைப் பிசைந்தார்கள். ரெண்டாவது படித்தபோது எழுதின ஒர்க் ஷீட் வேண்டும் என்று ஒருத்தரும் வந்ததில்லை. அதனால் ஒரு தாளைக் கையில் எடுத்ததும் இதை மட்டும் கேளுங்கள்: நாளைக்கு இதை யார் கேட்பார்கள்?

ஆபீஸ் கேட்கும் என்றால் ஜிப் வைத்த ஒரு பைக்குள், பீரோவில் துணிக்கு அடியில். ஆளுக்கு ஒரு பை. டீச்சர் கேட்பார் என்றால் அந்தப் பருவம் முடிகிற வரைக்கும். பரீட்சைப் பேப்பரில் கூட்டல் தப்பு வருவது சகஜம். ரேங்க் கார்டில் மார்க் ஏறி, நீங்கள் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அதற்கு வேலை இல்லை. அடுத்த பருவப் புத்தகம் வீட்டுக்குள் வந்தால் போன பருவத்துத் தாள் வெளியே போகட்டும். பிள்ளை கேட்கும் என்றால் பிள்ளையின் அட்டைப்பெட்டியில். உங்கள் ஊரில் அட்டைப்பெட்டிக்கா பஞ்சம்? ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்றால் எடைக்குத்தான்.

இதெல்லாம் வந்து சேர்ந்த குவியலுக்கு. தினமும் பையில் வருகிற தாளுக்கு ஒரு பழைய பரீட்சை அட்டை போதும். கிளிப் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுங்கள். கையெழுத்து வேண்டியது, பணம் கட்ட வேண்டியது, தேதி சொல்லிக் கேட்டது இவை மட்டும் அதில் தொங்கட்டும். குழந்தைகளே பொழுதோட வந்ததும் மாட்டி வைக்கலாம், ரெண்டாவது படிக்கிறவனுக்கும் அது எட்டுகிற உயரத்தில் ஆணி அடியுங்கள். கையெழுத்துப் போடுகிற வேலையை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். ஷிப்டுக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற இடத்தில் அது கண்ணில் படும். உங்கள் இருவர் சம்பளமும் வருகிற வீட்டில் பிள்ளைகள் டைரி மட்டும் எப்படி உங்கள் தலையில் வந்து விழுந்தது என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

மாமியாரோடு மல்லுக்கட்டாதீர்கள். கட்டிலுக்கு அடியில் கிடந்து விளக்குமாற்றில் அடிபடுவதும் சரஸ்வதிக்கு மரியாதை இல்லைதானே என்று பதமாகச் சொல்லிப் பாருங்கள். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தோடு எடைக்குப் போகிற தாள்கட்டையும் வைத்துக் கும்பிட்டு, விஜயதசமி கழிந்ததும் அவர் கையாலேயே கட்டிக் கடைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கரூர்ப் பக்கம் புகளூரில் இருக்கிற அரசுக் காகித ஆலையைப் பற்றியும் சொல்லலாம். கரும்புச் சக்கையில் காகிதம் செய்வதற்காகவே வந்த ஆலை அது. பழைய தாளில் மை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் அங்கே உண்டு. தாள் மறுபடி தாளாக வரும் என்றால் பல பெரியவர்களுக்கு மனசு ஆறும்.

ஒரு பக்கம் வெள்ளையாக இருப்பதைப் பிரித்து நடுவில் ஒரு தையல் போட்டால் கணக்குப் போட்டுப் பார்க்க நோட்டு ஆயிற்று. எடைக்குப் போகும் முன் ஆதார் ஜெராக்ஸ், போட்டோ ஒட்டின விண்ணப்பம், போன் நம்பர் எழுதின தாள் எல்லாவற்றையும் கிழித்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டில் போண்டா வாங்கினேன். எண்ணெய் ஊறின தாளைத் திருப்பினால் ஒரு பையனின் போட்டோ, அப்பா பெயர், வீட்டு விலாசம், செல் நம்பர் அத்தனையும் அச்சடித்தாற்போல் இருந்தது.

கேள்வி: மகன் ஊர் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது, தமிழ் வழி. அவனுடைய காகிதங்களில் எதை எல்லாம் பத்திரப்படுத்த வேண்டும்? லேமினேட் செய்துவிடட்டுமா?
— ஒரு தந்தை, அந்தியூர்

பதில்: லேமினேட் வேண்டாம் தம்பி. வெளிநாட்டு வேலை, மேல்படிப்பு என்று போகும்போது சான்றிதழின் முதுகில் முத்திரை குத்த வேண்டி வரும். பிளாஸ்டிக் மேல் முத்திரை நிற்காது, உரித்தால் தாளே கையோடு வரும். பிளாஸ்டிக் உறை உள்ள ஃபைல் போதும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பழைய தாள் காசு மாதிரி. மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்ததைக் காட்ட வேண்டும். அடுத்த வருஷம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று சான்று கேட்கிறார்கள். உங்கள் பையன் ஒன்றாவது ஒரு பள்ளி, ஆறாவது ஒரு பள்ளி என்று மாறியிருந்தால் ஒவ்வொரு இடத்திலும் சான்று வாங்கியாக வேண்டும். இருபது வயசில் அலைவதை விட, அந்தப் பள்ளிப் பதிவேடு கைக்கு எட்டும்போதே விசாரித்து வையுங்கள். வருஷக் கடைசி ரேங்க் கார்டு ஒவ்வொன்றும் இருக்கட்டும். எந்த வருஷம் எங்கே படித்தான் என்று நமக்கே மறந்துபோகும்.

டி.சி.யின் அசல் புதுப் பள்ளிக்குப் போய்விடும். கொடுப்பதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்று மொழி அதில் இருக்கும். இதைச் செய்யாமல் வந்து நிற்பவர்கள்தான் எங்கள் ஜன்னலில் பாதிப் பேர். சாதிச் சான்றிதழ் ஒரு முறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழுக்கு ஒரு வருஷம்தான் ஆயுசு. காலாவதியானதைக் கூட வைத்துக்கொண்டிருந்தால் எது புதுசு என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

ஒன்பதாவது என்றீர்கள், இது சரியான நேரம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒரு எழுத்து விடாமல் ஒத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஒன்றில் ‘சண்முகம்’, இன்னொன்றில் ‘ஷண்முகம்’. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூட, குறைய. பத்தாவது பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன் தலைமையாசிரியரிடம் சொன்னால் வேலை சுலபம். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு அதே திருத்தத்துக்கு நீங்கள் போடும் நடையில் செருப்பு தேய்ந்துவிடும். பட்டியலில் கையெழுத்து வாங்கும்போது பிள்ளைகள் படிக்காமலே போட்டுவிடுவார்கள். அந்த வாரம் நீங்களே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.

2015இல் வந்த டிஜிலாக்கர் என்கிற அரசு இணையப் பெட்டகத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ் கிடைக்கும். அதற்காக அசலை அலட்சியமாக வைக்க வேண்டாம்.

கேள்வி: என் பேத்தி வரைந்த படம், சார்ட், தெர்மாகோல் வீடு என்று எங்கள் தோட்டத்து வீடு நிறைந்துவிட்டது. மகள் எல்லாவற்றையும் வைக்கச் சொல்கிறாள். எனக்குத் தூசி ஆகாது.
— ஒரு பாட்டி, பொள்ளாச்சி

பதில்: அக்கா, பேத்தியிடமே கேளுங்கள். முழுப் பரீட்சை லீவில் எல்லாவற்றையும் ஆசாரத்தில் பரப்பி, ‘உனக்குப் பிடிச்சதை எடு, பெட்டி மூடணும்’ என்று சொல்லுங்கள். பெரியவர்களை விடக் குழந்தைகள் ஈவு இரக்கமில்லாமல் கழிப்பார்கள். உங்கள் மகள் அன்றைக்கு ஊரில் இல்லாமல் இருந்தால் நல்லது. தெர்மாகோல் வீட்டைப் பேத்தி கையில் பிடித்திருக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துவிட்டு விடை கொடுங்கள். சார்ட்டைச் சுருட்டி வைக்க, மோட்டாருக்குப் பைப் போட்டபோது மிச்சமான பிவிசி துண்டு தோட்டத்தில் எங்கேயாவது கிடக்கும். ரெண்டு பக்கமும் மூடி போட்டால் தூசி, பல்லி எதுவும் போகாது.

கேள்வி: அட்டாலியில் வைத்த பழைய நோட்டுகளைப் பூச்சி அரித்துவிட்டது. பாச்சை உருண்டை போடலாமா?
— ஒரு வாசகி, சத்தியமங்கலம்

பதில்: குழந்தைகள் படுக்கும் அறையில் வேண்டாம், அந்த நெடி ஆகாது. வெள்ளியாக வழுக்கி ஓடுகிற பூச்சி என்றால் அது பசைக்கும் ஈரத்துக்கும் வருவது. பசை போட்ட அட்டைப்பெட்டியே அதற்கு விருந்து. அட்டாலியில் வைப்பதை மட்டும் தகர டிரங்குப் பெட்டிக்கு மாற்றுங்கள். குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும், ரப்பர் பேண்ட் நம் வெயிலுக்கு உருகி ஒட்டிக்கொள்ளும். எடுத்துவிட்டு நூல் நாடாவில் கட்டுங்கள். மழை முடிந்ததும் ஒரு நாள் நிழலில் பிரித்து வைத்துக் காற்றாட விடுங்கள், வெயிலில் காய வைத்தால் பேனா மை வெளுத்துவிடும். கரையான் மண் கோடு சுவரில் தெரிந்தால் நோட்டை விட்டுவிட்டு முதலில் வீட்டுக்கு மருந்தடிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.