பனிப்பாறைக்குக் கைதட்டல்

சென்ற இதழில் நியூயார்க்கில் பார்த்த 'டைட்டனீக்' நாடகத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். 1997-இல் வந்த 'டைட்டானிக்' படத்தைக் கேலி செய்து, கனடியப் பாடகி செலின் டியானின் புகழ்பெற்ற பாடல்களை வைத்தே கோத்த இசை நாடகம் அது. வந்த கடிதங்களில் பெரும்பகுதி அதைப் பற்றியே. ஆகவே விசா, முழங்கால் வலி, மருமகள் பற்றிய கேள்விகள் அடுத்த இதழ்வரை பொறுத்திருக்கட்டும்.

தி.மீ., மதுரை: சுமார் 1,500 பேர் செத்த கதையில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? கூசவில்லையா?

1912 ஏப்ரலில் வட அட்லான்டிக்கில் உயிர்விட்டவர்களை அந்த நாடகம் தொடுவதே இல்லை, ஐயா. கேலிக்கு ஆளாவது 11 ஆஸ்கர் வாங்கிய படமும், அதைப் பார்த்துக் கைக்குட்டையை நனைத்த நாமும்தான். கதை ஓர் அருங்காட்சியகத்தில் தொடங்குகிறது. டைட்டானிக் பொருள்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கும்போது செலின் டியான் உள்ளே நுழைந்து, "அந்தக் கப்பலில் நானும் இருந்தேன், நடந்ததை நான் சொல்கிறேன்" என்று வழிகாட்டியின் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறார். செலின் பிறந்தது 1968-இல். அந்த ஒரு பொய்யை விழுங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக இறங்கிவிடும்.

சாவுக்காகச் சிரித்தவர் யாரும் என் கண்ணில் படவில்லை. பனிப்பாறைக்குக் கைதட்டினார்கள், அது வேறு. பாடகி டீனா டர்னரின் தோரணையில், மினுமினுக்கும் உடையும் சிலிர்த்த கூந்தலுமாக வந்து பாடுகிற பனிப்பாறைக்குக் கைதட்டாமல் என்ன செய்வது? லண்டனில் பனிப்பாறையாக நடித்த லேட்டன் வில்லியம்ஸுக்கு 2025-இல் சிறந்த துணை நடிகருக்கான ஒலிவியர் விருதே கொடுத்துவிட்டார்கள்.

எஸ்.கே., திருச்சி: 'ஆஃப்-பிராட்வே' என்றால் பிராட்வேயில் இடம் கிடைக்காதவர்கள் போடுவதா?

நியூயார்க் நாடக அரங்குகளின் இருக்கைக் கணக்குதான். 500 இருக்கையும் அதற்கு மேலும் இருந்தால் பிராட்வே. 100 முதல் 499 வரை ஆஃப்-பிராட்வே. இந்த நாடகம் 2022 ஜூனில் நியூயார்க்கின் செல்சி பகுதியில், ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குக் கீழே இருந்த அரங்கில் தொடங்கியது. பிறகு லண்டனில் போட்டபோதும் கிரைட்டீரியன் அரங்கு, அதுவும் பெரும்பகுதி தரைக்குக் கீழேதான். மூழ்குகிற கப்பலுக்கு ஏற்ற இடமாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள்.

நான் பார்த்தது செல்சிக்கும் லண்டனுக்கும் இடைப்பட்ட காலத்தில், நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்து டேரில் ராத் அரங்கில். ஒரு காலத்தில் அது சேமிப்பு வங்கி. வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தை வடிவமைத்த ஹென்றி பேக்கன் கட்டியது. வங்கியில் காலம் தள்ளியவள் என்பதால் தூண்களைப் பார்த்ததுமே காசாளர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

ந. வாசுகி, கும்பகோணம்: கூட்டம் எப்படி ரசித்தது? நம் சபா நாடகங்களில் சிரிப்பார்களே, அதுபோலவா?

இல்லை அம்மா. சபாவில் நகைச்சுவை முடிந்த பிறகு சிரிப்பு வரும். நடிகர் ஒரு நொடி நின்று அதை வாங்கிக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போவார். இங்கே சிரிப்பு முந்திக்கொள்கிறது. படத்தின் காதலர்களான ஜாக்கும் ரோஸும் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் பியானோ இரண்டு சுரம் தட்டுகிறது. அவ்வளவுதான், அடுத்து எந்தப் பாட்டு என்று தெரிந்துகொண்ட கூட்டம் "ஓ!" என்று முனகிச் சிரிக்கிறது. காதல் தோல்வியில் பாடிய பாட்டைக் கப்பல் கட்டியவர் வாயில் போட்டால் என்ன ஆகும் என்று எல்லோரும் தமக்குள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். மேடையில் நடப்பது விடைத்தாள் மட்டுமே. இப்படி ஏற்கெனவே ஊரறிந்த பாட்டுகளைக் கதையில் செருகுவதுதான் 'ஜூக்பாக்ஸ்' நாடகத்தின் பிழைப்பு. மற்ற நாடகங்கள் செருகல் தெரியாமல் மறைக்கும். இது தெரியும்படி செருகிவிட்டுக் கண்ணடிக்கிறது.

என் பக்கத்தில் கியூபெக்கிலிருந்து வந்த ஒரு பெண்மணி. செலினின் மாகாணம். செலினாக நடித்தவர் பிரெஞ்சு வாடையுள்ள ஆங்கிலத்தில் பேசியபோதெல்லாம் அரங்கம் குலுங்கியது, இவர் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டார். வீட்டுப் பெண்ணை வெளியார் கேலி செய்கிறார்கள் அல்லவா! ஆனால் செலினின் பழக்கம் ஒன்று உண்டு, உச்சத்தில் பாடும்போது நெஞ்சில் கையால் அடித்துக்கொள்வார். நடிகை அதைச் செய்ததும் இந்த அம்மாளும் தம் நெஞ்சில் ஒரு அடி அடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. என் கைப்பையிலிருந்த சீரக மிட்டாயையும் வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று. செலின் பாத்திரம் ஓரிடத்தில் மனம்போனபடி எதையாவது பேச இடம் விட்டிருக்கிறார்கள். அப்போது கூட நிற்கும் நடிகர்கள் அடக்க முடியாமல் சிரித்துவிடுகிறார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்துக் கூட்டம் சிரிக்கிறது. ஒத்திகைக்குள் அடங்காத ஒன்றைப் பார்த்துவிட்டோம் என்ற திருட்டு மகிழ்ச்சி.

ஜெ.பி., கோயம்புத்தூர்: விஜய் டிவியில் 'லொள்ளு சபா' பார்த்த நமக்கு இதெல்லாம் புதிதா?

படத்தைக் கேலி செய்வது புதிதில்லை. அதற்கும் முன்னால் 'நல்லதம்பி'யில் என்.எஸ்.கிருஷ்ணன் செய்த கிந்தனார் காலட்சேபம் இருக்கிறது. நந்தனார் சரித்திரம் காதில் ஊறிப்போன கூட்டம் இருந்ததால்தான் அது எடுபட்டது. இங்கேயும் அப்படித்தான்.

ஆனால் 'டைட்டனீக்'கில் ஒரு சங்கதி வேறு. கதையைக் கிழிக்கிறார்கள், பாட்டைக் கிழிப்பதில்லை. பாடல்களைப் பெரும்பாலும் அப்படியே, முழுத் தொண்டையில் பாடுகிறார்கள். நாடகத்தை எழுதியவர்களில் ஒருவரான மார்லா மிண்டெல்லே முதலில் செலினாக நடித்தவர். அவர் பாட்டைக் கேலியாகப் பாடியிருந்தால் ஒரு மாதத்தில் கடையைக் கட்டியிருப்பார்கள். 2022 டிசம்பரில், டேரில் ராத்துக்கு மாறிய சில வாரங்களிலேயே, தமக்குத் தசைகள் விறைத்துப்போகும் ஓர் அரிய நரம்பு நோய் இருப்பதாகவும் குரலும் பாதிக்கப்பட்டிருப்பதாகவும் செலின் அறிவித்தார். நான் போனது அதற்குப் பிறகு. நடிகை மேல் ஸ்தாயியைப் பிடித்து நிறுத்தியபோது, அதுவரை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அதில் கேலி துளியும் இல்லை. பாடகிக்குச் சேர வேண்டிய கைதட்டலை நடிகையிடம் கொடுத்து அனுப்பினார்கள் என்றே எனக்குப் பட்டது. பிடிக்காத ஒன்றை இத்தனை நேரம் கேலி செய்யப் பொறுமை வேண்டும், அது அங்கே யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

பெயர் வேண்டாம், ஈரோடு: ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லையா? எல்லாவற்றையும் புகழ்கிறீர்களே!

சுளித்தார்கள். முன் வரிசையில் ஒரு கணவர் ஆரம்பத்தில் கட்டிய கையைக் கடைசிவரை அவிழ்க்கவில்லை. மனைவி பாட்டுக்கு உதடசைத்துக்கொண்டே இருந்தார். இடைவேளை கிடையாது, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓடுகிறது. நழுவவும் வழியில்லை. படகில் இடம் பிடிக்க உதடசைப்புப் போட்டி ஒன்று நடக்கிறது. பெண் வேடமிடும் ஆண் கலைஞர்களுக்கான தொலைக்காட்சிப் போட்டியைப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள் அந்த இடத்தில் கூரையைப் பிளந்தார்கள். நானும் கைகட்டியவரும் மணி பார்த்தோம். பச்சையான பேச்சும் நிறைய. சில நகைச்சுவைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒரே கடனுக்கு மூன்று முறை வட்டி வசூலித்தார்கள்.

ச. இளங்கோ, நெய்வேலி: படத்தின் அந்தப் பாட்டு வந்ததா, இல்லையா?

'மை ஹார்ட் வில் கோ ஆன்' வராமல் இருக்குமா? கடைசிவரை காக்கவைத்துக் கொடுக்கிறார்கள். படத்தில் பாட்டே வேண்டாம் என்று இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் சொன்னதும், இசையமைப்பாளர் ஜேம்ஸ் ஹார்னர் அவருக்குத் தெரியாமல் செலினைப் பாடவைத்துப் பிறகு போட்டுக் காட்டியதும் பழைய கதை. அந்தக் குழல் இசை தொடங்கியதும் அரங்கில் எழுந்த சத்தம் சிரிப்பா பெருமூச்சா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கி.ரா., விருதுநகர்: படத்தின் முடிவில் ரோஸ் ஏறி மிதந்து பிழைத்த அந்தக் கதவில் ஜாக்குக்கும் இடம் இருந்ததா?

கேமரூனே ஆள்வைத்துக் குளிர்நீரில் சோதித்து 2023-இல் தொலைக்காட்சியில் காட்டிவிட்டார். சில ஏற்பாடுகளில் ஜாக் பிழைத்திருக்கலாமாம். பிழைத்திருந்தால் நாடகத்துக்கு நான் டிக்கெட் வாங்கியிருக்க மாட்டேன்.

உமா, நாகர்கோவில்: அமெரிக்கா வரும்போது மாமியாரையும் இப்படி ஒரு நாடகத்துக்கு அழைத்துப் போகலாமா?

படத்தை முதல் நாள் இரவு வீட்டில் போட்டுக் காட்டிவிடுங்கள். அது தெரியாமல் உள்ளே போனால் ஒரு சிரிப்பும் கிடைக்காது. டிக்கெட்டை டைம்ஸ் சதுக்கத்துச் சலுகைச் சாவடியில் அன்றைக்கே வாங்கலாம், ஆஃப்-பிராட்வேக்கும் கொடுப்பார்கள். ஓர இருக்கையாகக் கேளுங்கள். பச்சைப் பேச்சு வரும்போது "என்ன சொன்னான்?" என்று அவர் கேட்பார். "சத்தத்தில் கேட்கவில்லை அத்தை" என்று சொல்லிவிடுங்கள்.