குடியிருப்புக்கு நேரடி விற்பனை: விலையைக் குறைக்க வேண்டாம்

வணக்கம். உங்கள் உழவர் குழு நகரக் குடியிருப்பு ஒன்றுக்கு நேரடியாகக் காய்கறி அனுப்புகிறது, மூன்றாம் மாதமே ஆர்டர் பாதியாகிவிட்டது, விலையைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து குறைக்காதீர்கள். வாங்கலாமா வேண்டாமா என்று குடியிருப்பில் இருப்பவர்கள் வாராவாரம் புதிதாக முடிவெடுக்கிறார்கள், சிக்கல் அதுதான். விளைந்த காய்கறி அதுவரை காத்திருக்காது அல்லவா?

ஜப்பானில் 1970களில் வளர்ந்த 'தெய்கெய்' முறையில் நுகர்வோரும் விவசாயிகளும் பயிர்த் திட்டத்தைச் சேர்ந்தே போட்டார்கள். விளைந்ததை முழுவதும் எடுத்துக்கொள்வது அதன் கொள்கைகளில் ஒன்று. அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய சமூக ஆதரவு வேளாண்மையில் பருவத் தொடக்கத்திலேயே நுகர்வோர் விளைச்சலில் தங்கள் பங்குக்கான தொகையைக் கட்டிவிடுவார்கள். மகசூல் குறைந்தால் அந்த இழப்பிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

நீங்களும் இருபது குடும்பங்களோடு, ஒரு பருவத்துக்கு, முன்பணம் வாங்கி ஆரம்பியுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு மாதத் தவணை, சரிதான். யாராவது ஊரில் இல்லாத வாரம் அவர் பெட்டி யாருக்கு, வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மனக்கசப்பு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கும். அப்புறம், விதைப்புக்கு முன்பே அவர்களை வயலுக்கு அழைத்து, எதை எவ்வளவு போடலாம் என்று கேளுங்கள்.