புகையும் டி.பி.யும்: இருமலோடு வந்த வடசென்னைக் கேள்விகள்

அரசு சளிப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான், டாக்டர் அல்ல. சளி, கிருமி, புகை பற்றித் தாராளமாகக் கேளுங்கள். மாத்திரை அளவு மட்டும் கேட்காதீர்கள். எக்ஸ்ரேயை செல்போனில் படம் பிடித்து அனுப்பவும் வேண்டாம்.

காசிமேட்டிலிருந்து, விசைப்படகுத் தொழிலாளி: தினமும் ரெண்டு கட்டு பீடி குடிக்கிறேன். டி.பி. வருமா சார்?

பீடியில் டி.பி. கிருமி கிடையாது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது அது காற்றில் கலந்து நம் மூச்சுக்குள் போகிறது. நாட்டில் 15 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு இந்தத் தொற்று உண்டு என்று 2019-21இல் நடந்த தேசிய ஆய்வு சொன்னது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது நோயாக மாறாது. பத்தில் ஒருவருக்கு மாறலாம். அந்த ஒருவர் யார் என்பதில்தான் உங்கள் பீடி தலையிடுகிறது.

நுரையீரலின் காற்றறைகளில் கிருமியை விழுங்கிக் கொல்லும் அணுக்கள் இருக்கின்றன. பழைய பீடிக்காரரின் சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அந்த அணுக்களுக்குள் பழுப்புத் துகள் அடைந்து கிடக்கும். டி.பி.யும் இருந்தால், நீலமாகச் சாயம் ஏறிய பரப்பில் அங்கங்கே மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரியும். புகைத் துகளைத் தின்றே திணறும் அணுவால் கிருமியைக் கொல்ல முடிவதில்லை. மூச்சுக்குழாயில் அழுக்கை மேலே தள்ளும் நுண்ணிய இழைகளும் புகையில் முடங்கிப் போகின்றன.

இதற்கான ஆதாரம் நம்ம ஊரிலிருந்தே வந்தது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்த சுமார் 43,000 ஆண்களின் விவரங்களை, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. டி.பி.யால் சாகும் வாய்ப்பு புகை பிடிப்பவர்களுக்கு நாலு மடங்கு என்றது அது. ஆண்களின் டி.பி. சாவுகளில் ஏறக்குறைய பாதிக்குப் புகைப் பழக்கம் காரணம் என்றும் கணக்கிட்டது.

அப்புறம், உங்களுக்கு இருமல் இருக்கிறதா இல்லையா என்றே நீங்கள் எழுதவில்லை. பீடி குடிப்பவர்களிடம் எனக்கு உள்ள பெரிய குறை இதுதான். "தம் இருமல்தானே" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். இருமல் 2 வாரம் தாண்டினாலோ, பழகிய இருமலின் தன்மை மாறினாலோ சளி டெஸ்ட் எடுத்தே ஆகவேண்டும்.

ராயபுரம்: பீடியை விட ஃபில்டர் சிகரெட் தேவலையா?

இல்லை.

தண்டையார்பேட்டை: அப்போ வேப்?

அந்த மின்-சிகரெட்டை 2019லிருந்து இந்தியாவில் விற்கவே தடை. அடுத்தவர் வரட்டும்.

கொடுங்கையூர்: குப்பைமேட்டில் தீப்பிடித்தால் ராத்திரி முழுக்கப் புகை வீட்டுக்குள் வரும். என் அண்ணனுக்கு டி.பி. வந்ததற்கு அந்தப் புகைதானே காரணம்?

அண்ணன் பீடி குடிப்பாரா, சர்க்கரை உண்டா, சரியாகச் சாப்பிடுகிறாரா, குடிப்பாரா? இதெல்லாம் தெரியாமல் "ஆமாம்" என்று நான் சொல்ல மாட்டேன். புகையிலைக்கும் டி.பி.க்கும் உள்ள தொடர்பு அழுத்தமாக நிரூபிக்கப்பட்டது. விறகடுப்புப் புகைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, ஆனால் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. குப்பை எரிகிற புகைக்கு அந்த அளவுகூட இல்லை. நம் நாட்டில் டி.பி.யைத் தள்ளிவிடுகிற பெரிய காரணம் ஊட்டக்குறைவு. ஜன்னல் இல்லாத ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்தால் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? முதலில் அண்ணனோடு ஒரே வீட்டில் இருக்கும் எல்லோரும் டெஸ்ட் எடுங்கள்.

எழில் நகர்: இப்படிச் சொல்லித்தான் சார் எங்களைக் காலி பண்றீங்க. இங்க குப்பை எரிஉலை வேண்டாம்னு 2025ல மனிதச் சங்கிலியா நின்னோம். "புகையால டி.பி. வராதுன்னு உங்க ஆளே சொல்லிட்டாரு"ன்னு நாளைக்கு அதிகாரி சொல்லுவான்.

கோபம் நியாயம். ஆனால் தம்பி, அதிகாரியிடம் டி.பி.யைத் தூக்கிக்கொண்டு போனால், "நிரூபி" என்று ஒரே சொல்லில் உங்களை உட்கார வைத்துவிடுவார். கலந்த குப்பையும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். நுண்துகள் ஆஸ்துமாவைக் கிளப்பும், இதயத்தையும் பாதிக்கும். இவற்றை யாராலும் மறுக்க முடியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, நிரூபிக்க முடியாததை ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்?

எழில் நகர், மறுபடியும்: நீங்க அந்தப் புகையில படுத்துப் பாத்தீங்களா?

காற்று இந்தப் பக்கம் திரும்பினால் என் வீட்டிலும் ஜன்னலைச் சாத்த வேண்டியதுதான். நான் உங்களுக்கு எதிராகப் பேசவில்லை. அந்தப் புகையில் இருக்கிறவருக்கு ஏற்கெனவே இருமலும் மூச்சிரைப்பும் இருக்கும். டி.பி. வந்தாலும் "குப்பைப் புகைதான்" என்று இருமல் மருந்து குடித்துக்கொண்டு காலம் கடத்துவார். அதற்குள் வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குக் கிருமி போயிருக்கும். புகையால் வரும் கெடுதியில் இதையும் சேர்த்துப் பேசுங்கள், நானும் வந்து பேசுகிறேன்.

வியாசர்பாடி: ரெண்டு பேரும் ஆம்பளைங்க கதையே பேசறீங்க. எங்கம்மா வாழ்நாள்ல பீடியைத் தொட்டதில்ல. விறகடுப்புல இட்லிக் கடை. அவங்களுக்கு எப்படி வந்துச்சு?

நல்ல கேள்வி. மூடிய இடத்தில் விறகு எரித்தால், அடுப்பின் முன் குனிந்திருப்பவர் மூச்சில் போகும் துகள் கொஞ்சநஞ்சமில்லை. நான் மேலே சொன்ன அணுக்கள் அதையும் விழுங்கத்தான் வேண்டும். அதனால் அடுப்புப் புகைக்கும் பங்கு இருந்திருக்கலாம். அதோடு அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா? சர்க்கரை இருந்தால் டி.பி. வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்காகும். கடையில் எல்லோருக்கும் போட்டுவிட்டு அவர் சாப்பிட்டாரா என்பதையும் கேளுங்கள். எடை குறைந்தவரை டி.பி. எளிதில் பிடிக்கும்.

புளியந்தோப்பு: 20 நாளாக இருமல். சிகரெட்டால்தான் என்று நினைக்கிறேன்...

சளி டெஸ்ட்.

பெரம்பூர்: ஒரு மாதமாக இருமல். தம் அடிப்பதால்...

சளி டெஸ்ட்! மேலே படிக்காமல் எழுதுகிறீர்களே.

திருவொற்றியூர்: சளி டெஸ்ட் கொடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள். இருமல் நிற்கவில்லை.

என்ன கொடுத்தீர்கள் என்பதுதான் விஷயம். பலர் டப்பாவில் எச்சிலைத் துப்பிவிட்டுப் போவார்கள். எச்சில் தண்ணீராக, நுரையாக நிற்கும். சளி கொழகொழப்பாக, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ டப்பா அடியில் ஒட்டும். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். மொட்டை மாடி மாதிரித் திறந்த இடத்தில், பக்கத்தில் ஆள் இல்லாமல் நில்லுங்கள். மூச்சை ஆழமாக இழுத்து ஒரு நொடி பிடித்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுங்கள். தொண்டையைக் காறினால் போதாது. மைக்ரோஸ்கோப் டெஸ்டில் குறைவான கிருமி தப்பிவிடும், அதனால் கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் அல்லது ட்ரூநாட் டெஸ்டும் எக்ஸ்ரேயும் கேளுங்கள். ஓட்டேரியில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது, ராயபுரத்தில் ஸ்டான்லியும் இருக்கிறது. டெஸ்டும் மருந்தும் இலவசம்.

கொருக்குப்பேட்டை: மாத்திரை சாப்பிடுகிறேன். பீடியை ஒரேயடியாக விடவேண்டுமா, குறைத்தால் போதுமா?

விட்டுவிடுங்கள். புகைத்துக்கொண்டே மருந்து சாப்பிடுபவர்களுக்கு நோய் குணமாகாமல் போவதும், குணமானபின் திரும்ப வருவதும் அதிகம். விட முடியவில்லையென்றால் அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை கொடுப்பவரிடமே சொன்னால் உதவுவார். சரக்கும் வேண்டாம், இந்த மருந்துகளோடு சேர்ந்தால் கல்லீரல் கெடும். சிறுநீர் ஆரஞ்சாகப் போனால் பயப்படாதீர்கள், அது டி.பி. மருந்தான ரிஃபாம்பிசினின் நிறம். கண் மஞ்சளானால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

எண்ணூர்: சத்துணவுக்கு 500 ரூபாய் தருவார்களாமே?

2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000. வங்கிக் கணக்கு விவரத்தை டி.பி. யூனிட்டில் கொடுங்கள்.

ஓட்டேரி: எக்ஸ்ரே அனுப்பியிருக்கிறேன் சார், பாருங்களேன்.

முதல் பத்தி.

மணலி: நண்பர்கள் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுக்கிறோம். தொத்துமா?

எச்சிலாலோ தட்டு, தம்ளராலோ டி.பி. பரவாது. மூடிய அறையில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஒருவர் இருமலை மற்றவர் மூச்சில் இழுப்பதால் பரவும். எத்தனை சிகரெட் பிடித்தீர்கள் என்பதை விட எந்த அறையில் என்று சொல்லுங்கள்.

வண்ணாரப்பேட்டை: வீட்டுக்காரருக்கு டி.பி. உறுதியாகிவிட்டது. வீட்டுக்குள்தான் பீடி பிடிக்கிறார். 3 வயசுப் பையனுக்கு பி.சி.ஜி. தடுப்பூசி போட்டாச்சு, பயமில்லையே?

பி.சி.ஜி. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் மாதிரியான கடும் டி.பி. வராமல் பெரும்பாலும் காக்கும். அதை மட்டும் நம்பி இருக்க முடியாதும்மா. 5 வயதுக்குள் இருப்பவர்களுக்குத் தொற்று வேகமாக நோயாக மாறும், வீட்டுக்குள் பிடிக்கிற பீடிப் புகையும் அதற்கு ஒத்தாசை. அவர் பீடியை நிறுத்தும்வரை வாசலுக்கு வெளியே போகட்டும், இருமும்போது வாயைத் துணியால் மூடட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பையனுக்குக் காய்ச்சல், எடை குறைவு, இருமல் எதுவும் இல்லாவிட்டாலும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நோய் இல்லை என்று பார்த்த பிறகு தடுப்பு மருந்து கொடுப்பார்கள். இவருக்கு மாத்திரை தரும் இடத்திலேயே கேளுங்கள். நாளைக்கே போங்கள், போகும்போது அவரது சிகிச்சை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.