வாடகை ஒப்பந்தம் இருந்தும் பெர்லினில் முகவரிப் பதிவு மறுக்கப்பட்டால்

பெர்லினில் உள்வாடகைக்குக் குடிபுகுந்து, ஒப்பந்தத்தைக் காட்டியும் முகவரியைப் பதிய மறுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிவு அலுவலகம் கேட்பது 'வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்': வீடு கொடுத்தவர் கையெழுத்திட்டுத் தரும் ஒரு படிவம். ஒப்பந்தத்தோடு அதுவும் வந்திருக்கும் என்று நினைத்துவிட்டீர்கள் போல.

உள்வாடகை, அதாவது உரிமையாளரிடம் இல்லாமல் வாடகைதாரர் ஒருவரிடம் வாடகைக்கு இருப்பது என்பதால், அந்த முதன்மை வாடகைதாரரே கையெழுத்திடலாம். ஆனால் உரிமையாளர் பெயரையும் எழுத வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். குடிபுகுந்த தேதி, வீட்டு முகவரி சரியா, மனைவி குழந்தை உட்பட எல்லார் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியலை விரிப்பதில் குழப்பம் வரும்.

வீடு கொடுத்தவர் இந்தப் படிவத்தைத் தர மறுத்தால் பதிவு அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள். தருவது அவருடைய சட்டக் கடமை. குடிபுகுந்த 2 வாரத்துக்குள் பதிய வேண்டும். அப்பாயிண்ட்மெண்ட் அதற்குப் பின் தள்ளிப்போனால், நீங்கள் முயன்றதைக் காட்ட முன்பதிவு மின்னஞ்சலை அழிக்காமல் வையுங்கள்.

காசுக்கு முகவரி மட்டும் தருகிறேன் என்பவர்கள் பக்கமே போகாதீர்கள். கொடுப்பவருக்கு அபராதம் 50,000 யூரோ வரை. நீங்களும் தப்ப முடியாது.