பூட்டை மாற்றுவதற்கு முன் கீலைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு முன்வாசல் மரக்கதவில் பதித்துள்ள பூட்டு, ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து சரியாக விழுவதில்லை. கைப்பிடியைப் பிடித்துக் கதவைச் சற்றுத் தூக்கினால்தான் சாவி சுற்றுகிறது. புதுப் பூட்டுப் போடச் சொல்கிறார் கடைக்காரர். நாமே சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். முதலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைச் சுற்றிப் பாருங்கள். பூட்டின் நாக்கு தடையில்லாமல் வெளியே வந்து உள்ளே போனால் பூட்டில் பழுதில்லை. புதுப் பூட்டுப் போட்டாலும் அதுவும் இதே இடத்தில்தான் இடிக்கும்.

தூக்கினால் பூட்டுகிறது என்பதால், கதவு பூட்டுப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். கதவின் எடை மேல் கீலைத்தான் நிலையிலிருந்து பிடுங்கப் பார்க்கும் என்பதால், அதன் ஸ்க்ரூக்களே முதலில் தளரும். கதவைச் சாத்திவிட்டு இடுக்கைக் கவனியுங்கள்: பூட்டுப் பக்கம் மேலே இடுக்கு குறுகி, கீல் பக்கம் மேலே அகன்றிருந்தால் கோளாறு மேல் கீலில்தான். மழை ஈரத்தில் மரம் அகலவாக்கில் உப்புவதும் சேர்ந்துகொண்டால், கோடையில் பொறுத்துக்கொண்ட கதவு இப்போது இடிக்கத் தொடங்கும்.

பூட்டுப் பக்கத்து அடி மூலையில் மடித்த அட்டையைச் செருகி, கதவின் எடையைத் தாங்கவைத்த பிறகு ஸ்க்ரூக்களை முறுக்குங்கள். முறுக்க முறுக்க ஒரு ஸ்க்ரூ பிடிக்காமல் சும்மா சுற்றினால் அதன் துளை தேய்ந்துவிட்டது என்று பொருள். அதைக் கழற்றி, மூங்கில் சிம்புகளில் ஃபெவிகால் தடவித் துளையில் இறுக அடித்து, ஓர் இரவு காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிட்டு அதே ஸ்க்ரூவைப் போடுங்கள். தீக்குச்சியும் உதவும், ஆனால் மூங்கிலின் பிடி அதற்கு வராது. நிலை மரத்தின் கனம் இடம் கொடுத்தால் ஒரு ஸ்க்ரூவை மட்டும் இரண்டு அங்குல நீளத்துக்கு மாற்றுவது இன்னும் நல்லது. பெரும்பாலான வீடுகளில் வேலை இத்துடன் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகும் இடித்தால்தான், நாக்கு நுழையும் துளையுடன் நிலையில் உள்ள தகட்டைத் தொட வேண்டும். குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து நாக்கின் முனையில் தடவி, கதவைச் சாத்தி, சாவியைச் சுற்றி, பிறகு திறந்து பாருங்கள். தகட்டில் சிவப்பு எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் நாக்கு முட்டுகிறது. கறை துளையின் கீழ் விளிம்பில் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால், தகட்டைக் கழற்றி அந்த விளிம்பை அரத்தால் ராவி, பின்னால் உள்ள மரத்தையும் அதே அளவுக்கு உளியால் செதுக்கினால் போதும். அதற்கும் அதிகமானால் தகட்டையே இறக்கிப் பொருத்த வேண்டும். அப்போது பழைய ஸ்க்ரூத் துளைகளை முன்சொன்ன முறையில் அடைக்காமல் பக்கத்திலேயே புதுத் துளை போட்டால், ஸ்க்ரூ வழுக்கிப் பழைய துளைக்கே போய்விடும்.

இரட்டைச் சுற்றுப் பூட்டில் முதல் சுற்று விழுந்து இரண்டாவது சுற்று மட்டும் நின்றால், நிலையில் உள்ள குழிக்கு ஆழம் போதவில்லை அல்லது அதில் மரத்தூளும் பெயின்டும் அடைந்திருக்கின்றன. அதற்குக் குழியைச் சுரண்டிவிடுவதே வைத்தியம்.

மழைக்காலத்தில் இழைப்புளியை எடுத்துக் கதவைச் சீவிவிடாதீர்கள். இன்று கச்சிதமாகப் பொருந்தும் கதவு, பங்குனி சித்திரையில் மரம் காய்ந்து சுருங்கியதும் காற்றுக்கெல்லாம் தடதடக்கும். மரம் காய்ந்த பின், பெயின்ட் அடிக்காமல் விடப்பட்ட கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் வார்னிஷ் கொடுத்தால் அடுத்த ஐப்பசியில் ஈரம் அவ்வளவாக ஏறாது.

வேலை முடியும்வரை சாவியை வலிந்து சுற்ற வேண்டாம், உள்ளே முறிந்தால் செலவு பல மடங்காகும். சாவித் துளையில் எண்ணெய் விடும் பழக்கமும் வேண்டாம், அது தூசியைப் பிடித்து நாளடைவில் பிசினாகும். பென்சில் முனையைத் தூளாக்கிச் சாவியில் தேய்த்து நாலைந்து முறை நுழைத்தெடுத்தால் போதும். நிலையே சுவரிலிருந்து விலகியிருந்தாலோ, கீலடியில் கரையான் மண் தெரிந்தாலோ திருப்புளியை வைத்துவிட்டுத் தச்சரைக் கூப்பிடுங்கள்.